தங்குபவர் கட்ட வேண்டிய பாக்கி

லிஃப்ட்காரர் இரண்டு பெட்டி, ஒரு கருவிப் பை, ஒரு மேஜை விசிறி ஆகியவற்றோடு கண்ணாடியம்மாவின் வீட்டில் குடியேறி எட்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. முப்பது நாளுக்குள் வந்திருக்க வேண்டிய கடிதம். தாமதத்துக்கு அவரே காரணம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். உறையின் மேல் அவர் பெயர் இல்லை. ‘தங்குபவர்’ என்று மட்டும் இருந்தது.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மாடிக்கும் மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களின் காதில் முதலில் விழும் குரல் அவருடையது: “பயப்படாதீங்க, வந்துட்டேன்.” கண்ணாடியம்மாவும் அப்படிச் சிக்கியவள்தான். மூன்றாம் மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களுக்குப் பவர் பார்த்துச் சொல்வது அவள் வேலை. நாற்பது நிமிடம் லிஃப்டுக்குள் நின்றுவிட்டு வெளியே வந்தவள் அவர் திருப்புளியைப் பிடித்திருந்த அழகைப் பார்த்து, “உங்களுக்குக் கிட்டப் பார்வை சரியில்லை, நாளைக்குக் கடைக்கு வாங்க” என்றாள். போனார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்கள் சொந்த விஷயம். அவளுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. அவர்களுக்கு ஓர் அப்பாவும் இருந்தார்.

அந்த அப்பாதான் லிஃப்ட்காரரின் தூக்கத்தைக் கெடுத்தவர். மனசுக்குள் அவருக்கு ‘முன்னாள்’ என்று பெயர் வைத்திருந்தார். முன்னாள் ஞாயிற்றுக்கிழமைகளில், எல்லா ஞாயிறும் அல்ல, கமகமவென்று சென்ட் வாசனையோடு வருவார். சின்னவளின் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு நாணயம் எடுத்துக் காட்டுவார். எடுத்த நாணயத்தைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விடுவார். அடுத்த ஒரு வாரத்துக்கு வீட்டில் அந்த நாணயத்தைப் பற்றித்தான் பேச்சு. லிஃப்ட்காரருக்கு வயிறு எரியும். ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதுக்குப் பின்னாலிருந்து நாணயம் எடுக்கப் பழகிப் பார்த்தார். அது வாஷ்பேசின் ஓட்டைக்குள் விழுந்து, குழாயையே கழற்ற வேண்டியதாயிற்று. குழாயை நன்றாகக் கழற்றினார். ஆனால் அதைப் பார்த்துக் கைதட்ட யாரும் இல்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு அவரே உடந்தை.

குடிவந்த முதல் மாதம் சின்னவளின் ஷூ வாய் பிளந்தது. பிறந்தநாளுக்குப் புது ஷூ தருவதாக முன்னாள் சொல்லியிருந்தார். பிறந்தநாள் வந்து போனது, ஷூ வரவில்லை. லிஃப்ட்காரர் ஒரு ஜோடி வாங்கி வந்தார். சமையலறையில் கண்ணாடியம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. அப்பா அனுப்பினார்னு சொல்லிடட்டுமா? அவ மூணு நாளா ஜன்னல்லயே நிக்கறா.”

“இந்த ஒரு தடவைதானே?”

“ஒரே ஒரு தடவை.”

ஒரு தடவை என்று ஆரம்பிப்பது எதுதான் ஒரு தடவையோடு நின்றிருக்கிறது? ஷூவுக்குப் பின் பை, பைக்குப் பின் மழைக்கோட்டு, படிக்கும் மேஜை, பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடி, கடைசியில் ஒரு சைக்கிள். எல்லாம் ‘அப்பா அனுப்பினார்’. மலிவாக வாங்கவும் வழி இல்லை. “அப்பா வாங்கினா நல்லதாத்தான் வாங்குவார்” என்று பெரியவள் அடித்துச் சொல்லுவாள். ஆகவே முன்னாளின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் லிஃப்ட்காரர் தலையில் விழுந்தது. சைக்கிளுக்காக ஆஸ்பத்திரி லிஃப்டில் நான்கு விடுமுறை நாள் கூடுதல் வேலை பார்த்தார். அதன் மணியை அடித்துக்கொண்டு பெரியவள், “எங்கப்பா மாதிரி யாருக்கும் வராது” என்றபோது, ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தவர், “வராதும்மா” என்றார். அந்த ஸ்க்ரூவை இன்றைக்கு வரை யாராலும் கழற்ற முடியவில்லை. அவ்வளவு இறுக்கம்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டவர் பள்ளிக்கூட வாசலில்தான் உடைந்தார். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள். கண்ணாடியம்மாவின் போன் கடையில் கைப்பைக்குள் கிடந்தது. அவள் பள்ளியில் கொடுத்திருந்த இன்னொரு நம்பர் லிஃப்ட்காரருடையது. லிஃப்ட்காரர் ஒரு லிஃப்டை இரண்டாம் மாடியில் அப்படியே விட்டுவிட்டு ஓடினார். காவலாளி பதிவேட்டைத் திறந்தார். அதில் முன்னாளின் சிரித்த முகம் ஒட்டியிருந்தது.

“நீங்க யாரு சார் குழந்தைக்கு?”

“நான் அவங்க வீட்டுல இருக்கேன்” என்றார்.

“வீட்டுல பூனை கூடத்தான் இருக்கும். பொறுப்பாளர்னு பதிவு இருக்கா?”

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் படுத்தபடி சின்னவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம். கண்ணாடியம்மா வந்த பிறகுதான் கதவு திறந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் சேர்ந்து குடியேறியவர் ஆபீஸுக்கு வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்ன அந்தக் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. லிஃப்ட்காரருக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவேட்டில் தன் படமும் வர வேண்டும், அடுத்த காய்ச்சலுக்கு அந்தக் கதவு திறக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை.

*

சேர்ந்து குடியேறுவோர் குழந்தைப் பொறுப்பு நிர்ணய அலுவலகம் ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆறாம் எண் ஜன்னல் அம்மா ஒரு படிவத்தை நீட்டினாள். தலைப்பு: ‘உடன் வசிப்பவரின் குழந்தைகளுக்குச் செலவு செய்ய மறுப்பதற்கான காரணம்’. கீழே நாற்பத்தொரு காரணங்கள். வேண்டியதில் டிக் அடித்தால் போதும்.

“நான் மறுக்க வரலைங்க” என்றார் லிஃப்ட்காரர். “ஏத்துக்க வந்திருக்கேன்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து ஜன்னல்காரரும் பார்த்தார்.

“என்னத்தை ஏத்துக்கறீங்க?”

“செலவை. பொறுப்பை. ரெண்டு குழந்தைங்க.”

“உங்க குழந்தைங்களா?”

“இல்லை.”

“யாராவது மிரட்டறாங்களா? பயப்படாம சொல்லுங்க, அதுக்குத் தனி ஜன்னல் இருக்கு.”

“யாரும் மிரட்டலைங்க. நானாத்தான்.”

அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏற்பதற்குக் கட்டம் இல்லை. பத்தொன்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒருவரை அவள் பார்த்ததில்லையாம். இந்த ஆபீஸே பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்களுக்காகக் கட்டியது. அவர்கள் பாவம், எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். மூன்றாம் மாடியில் ‘ஏற்புப் பிரிவு’ என்று ஓர் அறை இருப்பது பழைய ஊழியர் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. அங்கே உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நாற்காலிகளை நகர்த்த அனுமதி வாங்கி, ஒரு வாரம் கழித்து அவரை உள்ளே விட்டார்கள்.

நிர்ணய அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “குழந்தைகளோட முதற்பொறுப்பாளர் யாரு?” என்று கேட்டார். லிஃப்ட்காரர் முன்னாளின் பெயரைச் சொன்னார்.

அறையில் ஒரு சலசலப்பு. அதிகாரியின் முகம் மலர்ந்தது. “அவரா! அவர் வீட்டுலயா நீங்க தங்கறீங்க?”

“அவர் வீடு இல்லைங்க. வாடகை நாங்க...”

அதிகாரி கேட்கவில்லை. மணியை அடித்தார். வெளியே தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. முன்னாளின் கோப்பு தள்ளுவண்டியில் வந்தது. ஏழு தொகுதி. சிவப்பு நாடா கட்டி, தூசி துடைத்து, பளபளவென்று. அதை உருட்டி வருவதற்கென்றே ஒரு கோப்பாளர். அந்த மனிதர் வேறு கோப்பைத் தொடுவதில்லையாம்.

லிஃப்ட்காரர் தன் கையைப் பார்த்தார். அவரைப் பற்றிய மொத்த ஆவணமும் அந்த ஒற்றைக் கடிதம்தான், அதுவும் காப்பிக் கறையோடு. நாணய வித்தைக்குப் பொறாமைப்பட்டிருக்கிறார், சிரிப்புக்குப் பொறாமைப்பட்டிருக்கிறார், பெரியவளின் மூக்கு அப்படியே அவர் மூக்கு என்பதற்குக்கூடப் பொறாமைப்பட்டிருக்கிறார். ஒரு கோப்பின் பருமனைப் பார்த்துக் காதில் புகை வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“ஆறு வருஷமா ஒரு காசு கட்டினதில்லை” என்றார் அதிகாரி, பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல. “ஆனா ஒரு மாசம் கூடக் கடிதம் தவறினதில்லை. நாலாம் தொகுதி எடுப்பா. அந்த மழைக்காலக் கடிதத்தைப் படி.”

கோப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: “‘மதிப்பிற்குரியீர், இந்த மாதமும் என் கை வெறுமையாக இருக்கிறது. என் செல்வங்களை எண்ணும்போதோ அது நடுங்குகிறது. நடுங்கும் கையால் இடும் கையெழுத்தை எந்த வங்கி ஏற்கும்? கை நின்றதும் கட்டுகிறேன்.’”

டைப் அடிக்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்கு முன் நூறு தடவை கேட்டிருப்பாள் போல. கடைசி வரியைக் கூடவே முணுமுணுத்தாள்.

“நான் மாசாமாசம் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டறேங்க” என்றார் லிஃப்ட்காரர்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். “இங்க பாருங்க தம்பி. கட்டறவன் வருவான், கட்டுவான், போயிடுவான். அவனால யாருக்கு என்ன பிரயோஜனம்? இவருக்கு நினைவூட்டல் எழுத ரெண்டு பேரு. அதைச் சரிபார்க்க ஒருத்தரு. பதில் வந்தா பதிவு பண்ண ஒருத்தரு. அவருக்கு வட்டி கணக்குப் போட்டு, அப்புறம் அந்த வட்டியைத் தள்ளுபடி பண்ண ஒரு குழு. நான் போன வருஷம் பதவி உயர்வு வாங்கினதே இந்தக் கோப்பாலதான். இந்தக் கட்டடத்துல அஞ்சாவது மாடி எப்படி வந்ததுன்னு நினைக்கறீங்க? அவரும் கட்டிட்டார்னா நாங்கல்லாம் குழந்தை குட்டியோட எங்க போறது?”

குழந்தைகளின் பொறுப்பைப் பற்றி அந்த ஆபீஸில் யாரோ கவலைப்பட்டதை அன்றுதான் லிஃப்ட்காரர் கேட்டார். அவர்களுடைய குழந்தைகள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

“அப்போ என் பேரு பதிவாகணும்னா என்ன செய்யணும்?”

“முதல்ல நீங்க அந்த வீட்டுல இருக்கீங்களான்னு பாக்கணும். ஆய்வுக் குழு வரும். வீட்டுல இருங்க.”

*

ஆய்வுக் குழுவில் மூன்று பேர். ஒருவர் கையில் டேப், ஒருவர் கையில் பச்சை ஸ்டிக்கர், மூன்றாமவர் மேற்பார்வை. வந்ததும் குளியலறைக்குப் போய், லிஃப்ட்காரரின் பல்துலக்கும் பிரஷுக்கும் குழந்தைகளின் பிரஷுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்தார்கள். ஒரு சாணுக்குள் இருந்தால் குடும்பம்; தாண்டினால் விருந்தினர். அவருடையது தனி டம்ளரில் ஜன்னல் மேல் இருந்தது. இடம் பற்றவில்லை என்று அவரேதான் நகர்த்தி வைத்திருந்தார்.

“ரெண்டரைச் சாண்” என்றார் டேப்காரர், வருத்தமாக.

“செருப்பு எங்க விடறீங்க?”

“வெளியில.”

“குழந்தைங்க?”

“உள்ள.”

மேற்பார்வையாளர் உச்சுக்கொட்டிக்கொண்டே எழுதினார். பிறகு குழந்தைகளின் அறைக்கு வந்தார்கள். இங்கேதான் வினை இருந்தது. ஒவ்வொரு பொருளையும் காட்டி, யார் வாங்கிக் கொடுத்தது என்று குழந்தைகளையே கேட்பார்களாம். பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பதால் ஆபீஸ் குழந்தைகளின் சொல்லை மட்டும்தான் நம்பும்.

லிஃப்ட்காரர் கண்ணாடியம்மாவைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிவிட்டது. வாயைத் திறக்காமல் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“இந்த ஷூ?”

“அப்பா அனுப்பினது” என்றாள் சின்னவள்.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

“மேஜை?”

“அப்பா.”

“சைக்கிள்?”

“எங்கப்பாதான்! மணி கூட உண்டு, அடிச்சுக் காட்டவா?” பெரியவள் அடித்துக் காட்டினாள். மூன்று அதிகாரிகளும் ரசித்துக் கேட்டார்கள். சைக்கிளுக்கு ஒன்று, மணிக்குத் தனியாக ஒன்று என்று இரண்டு ஸ்டிக்கர்.

பை, மழைக்கோட்டு, கட்டில் விரிப்பு. அறை பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு ஸ்டிக்கர் விழும்போதும் லிஃப்ட்காரருக்குத் தன் நெஞ்சில் யாரோ சப்பென்று அறைவதுபோல் இருந்தது. பெரியவளின் மூக்குக்கண்ணாடியின் ஓரத்திலும் ஒன்றை ஒட்டினார்கள். அந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க அவர் ஒன்றரை மணி நேரம் கடையில் நின்றிருந்தார். நீலமா, பழுப்பா என்று குழம்பி, கண்ணாடியம்மாவே சலித்துப்போய், “உங்களுக்கா வாங்கறீங்க?” என்று கேட்கும் வரைக்கும் நின்றிருந்தார்.

“என்ன மனுஷன்!” என்றார் மேற்பார்வையாளர், தழுதழுத்து. “ஆபீஸுக்குத் தெரியாம, வெளியில சொல்லிக்காம, இப்படி அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கார். நாங்கதான் புரிஞ்சுக்காம நோட்டீஸ் அனுப்பிட்டோம்.” பிறகு லிஃப்ட்காரரைப் பேனாவால் சுட்டி, “பாப்பா, இவர் என்ன வாங்கிக் கொடுத்தார்?” என்று கேட்டார்.

சின்னவள் நிஜமாகவே யோசித்தாள். விட்டத்தைப் பார்த்தாள். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, அது முகத்தில் தெரிந்தது.

“பல்பு மாத்துவார்” என்றாள்.

‘பல்பு, ஒன்று’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதற்கு ஸ்டிக்கர் கிடையாது.

அன்று மாலை கண்ணாடியம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என் மேல கோபமா?”

“உன் மேல எதுக்கு? அவன் மேலதான். அவன் ஒண்ணுமே பண்ணலை, அதான் எரியுது. ஒண்ணு பண்ணிட்டு நல்ல பேரு வாங்கினா கூடப் பொறுத்துக்கலாம்.”

“இப்பவே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடட்டுமா?”

அடுத்த அறையில் பெரியவள், ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம், அப்பா வந்தால் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இப்ப வேண்டாம்” என்றார் லிஃப்ட்காரர். ஆனால் அலமாரியைத் திறந்து, எல்லாப் பொருள்களின் பில்களையும் தேடி எடுத்து, ஓர் உறையில் போட்டு வைத்தார்.

*

தீர்ப்பு நாளன்று ஐந்தாவது மாடிக்கு நடந்தே ஏறினார்கள். பெற்றவள் சம்பந்தப்பட்டவள் என்பதால் கண்ணாடியம்மாவுக்கு அனுமதி இல்லை. குழந்தைகள் ‘பயனாளிகள்’ என்பதால் கட்டாயம் வர வேண்டும். லிஃப்ட்காரர் சட்டைப் பையில் பில் உறையோடு, இரண்டு பக்கமும் இரண்டு பெண்களோடு போய் உட்கார்ந்தார்.

முன்னாளும் வந்தார். பாக்கிக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒரு கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே மாலை விழுந்தது. ஒரு கணம் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான். கட்டை மெல்ல அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். அந்தச் சாமர்த்தியத்துக்கும் லிஃப்ட்காரருக்குப் பொறாமையாக இருந்தது.

நிர்ணய அதிகாரி வாசித்தார்: ஷூ முதல் சைக்கிள் மணி வரை குழந்தைகள் சாட்சியப்படி முதற்பொறுப்பாளர் வழங்கியவற்றை மதிப்பிட்டதில், அவருடைய ஆறு வருஷப் பாக்கி முழுதும் தீர்ந்துவிட்டது. தீர்ந்தது மட்டுமல்ல, மிஞ்சியும் இருக்கிறது. முதற்பொறுப்பாளர் கடமைக்கு மேல் கட்டியிருக்கிறார்.

கைதட்டல். கோப்பாளர் மட்டும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சோகமாக நின்றார்.

“ரெண்டு வார்த்தை பேசணும்” என்று அதிகாரி கேட்டுக்கொண்டார். முன்னாள் எழுந்தார்.

“நான் விளம்பரத்துக்காக எதையும் செய்யறவன் இல்லைங்க” என்றார் அடக்கமாக. “என்னென்ன கொடுத்தேன்னு கேட்டீங்கன்னா சத்தியமா எனக்கு ஒண்ணு கூட ஞாபகம் இல்லை. வலது கை கொடுக்கறது எனக்கே தெரியாம நடந்திருக்கு. ஒரு அப்பன் தன் குழந்தைக்குச் செய்யறதைக் கணக்கா வெச்சுக்க முடியும்? இனிமேலும் இப்படித்தான் இருப்பேன். கொஞ்சமும் மாற மாட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டைப் அடிக்கும் அம்மா மறுபடி முந்தானையை எடுத்தாள்.

அதிகாரி தொடர்ந்தார். “மிஞ்சின தொகையை அவருக்குத் திருப்பித் தரணும். அதுதான் நியாயம். அந்தப் பொருளால சுகம் அனுபவிச்ச வீடு தரணும். குழந்தைகளோட தாய்க்கு விதிவிலக்கு. அதனால வீட்டுல தங்குபவர் தவணையில கட்டணும். தங்குபவருக்கு ஆட்சேபணை உண்டா?”

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. பதினோரு பில். எல்லாவற்றிலும் தேதி, கடை முத்திரை, சைக்கிள் பில்லில் அவருடைய போன் நம்பர். எடுத்து மேஜையில் போட்டால் அந்த மாலை இந்த நிமிஷமே கழன்று விழும். முன்னாளின் சென்ட் வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. விழட்டும், எல்லார் முன்னாலும் விழட்டும் என்று அவர் உள்ளே ஒரு வெறி பொங்கிற்று. எட்டு மாசமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கெல்லாம் இன்றைக்குப் பதில்.

பக்கத்தில் பெரியவள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டினாள். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது. தன் அப்பாவைப் பற்றி எப்போதும் வகுப்பில் சொல்லி வந்ததெல்லாம் உண்மை என்று ஓர் அரசாங்கமே சொல்லிவிட்டது. அவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? உறையை எடுத்தால் மாலை மட்டும் விழாது. அந்தக் கையும் நின்றுவிடும்.

“சொல்லுங்க, உண்டா?”

“இல்லைங்க” என்றார் லிஃப்ட்காரர். அவருக்கு அழுகை வந்தது. இருமிச் சமாளித்தார்.

கையெழுத்துப் போட்டார். ஆறாம் எண் ஜன்னல் அம்மா புத்தம்புதுக் கோப்பு ஒன்றில் அவர் பெயரை எழுதி, நம்பர் போட்டு, ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தாள். ‘மேற்படி குழந்தைகள் பொருட்டுப் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர்’ என்று அதில் இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“இதைக் காட்டினா பள்ளிக்கூடத்துல குழந்தையை என்கூட விடுவாங்களா?”

“தாராளமா. குழந்தை விஷயத்துல பாக்கி உள்ளவங்களைத்தானே பதிவேட்டுல ஏத்தறது? அவரும் அப்படித்தான் ஏறினார். இப்ப பாக்கி தீர்ந்ததால அவர் படத்தை எடுத்துட்டு உங்க படத்தை ஒட்டுவாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒண்ணு சொல்றேன், ஒழுங்கா மட்டும் கட்டிடாதீங்க. நாலு தவணை தவறினீங்கன்னா தள்ளுவண்டி உங்களுக்குத்தான். அந்த ஆளு சும்மா நிக்கறாரு பாருங்க, பாவமா இருக்கு.”

படி இறங்கும்போது நாலாவது மாடி வளைவில் முன்னாள் காத்திருந்தார். மாலையைச் சின்னவள் கழுத்தில் போட்டார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு படியில் தாவி இறங்கினாள். முன்னாள் லிஃப்ட்காரரின் தோளில் கை போட்டு, ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“எனக்கு எல்லாம் புரியுதுங்க. நீங்க நல்லவரு” என்றார், நிஜமாகவே நெகிழ்ந்து. “அந்த முதல் தவணை... கையில இருந்தா இப்பவே கொடுத்துடறீங்களா? கொஞ்சம் நெருக்கடி.”

லிஃப்ட்காரர் பர்ஸைத் திறந்தார். எண்ணிக் கொடுத்தார். முன்னாள் எண்ணாமல் வாங்கிக்கொண்டார், அவ்வளவு பெருந்தன்மை. இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார்.

திரும்பினால் மேல் படியில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்க எங்கப்பாகிட்ட கடன் வாங்கியிருக்கீங்களா அங்கிள்?”

“ஆமாம்மா.”

“எதுக்கு?”

“கொஞ்சம் சாமான் வாங்கினேன்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் கைப்பிடியைத் தடவிக்கொண்டே மூன்று மாடி இறங்கினாள். தன் வீட்டில் ஒரு கடனாளி இருக்கிறார் என்பது அவளுக்குப் புதிய செய்தி. அவமானமாகவும் இருந்திருக்கும், கவலையாகவும் இருந்திருக்கும். லிஃப்ட்காரர் பின்னாலேயே வந்தார். தெருவுக்கு வந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தவள்போல நின்றாள். சின்னவளை முன்னால் நடக்க விட்டு, அவர் காதுக்கு எட்டும்படி எம்பிக்கொண்டு பேசினாள்.

“இனிமே ஏதாவது வேணும்னா அப்பாகிட்டப் போய்க் கேக்காதீங்க. அவருக்கு எங்க செலவே அவ்வளவு இருக்கு. என் உண்டியல்ல கொஞ்சம் இருக்கு. முதல்ல என்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு, சாலையின் இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, அவர் கையைக் கெட்டியாகப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.